பண்ணைக்குப் பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவடைக் காலத்தில் மட்டும் ஓயாமல் உழைத்து, மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்கப்போகும் இயந்திரத்துக்குப் புது விலை கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் பண்ணைக்கு ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கரங்களால், அதாவது ஃபோர்க்கால், சுமை தூக்கும் வண்டி) என்றால் பெரும்பாலும் பழையதுதான். அதில் தப்பில்லை. ஆனால் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பல, வழவழப்பான கான்கிரீட் தரையைத் தவிர வேறெதையும் பார்க்காதவை. மண்ணுக்கு வரும்போது அவற்றுக்கு என்ன ஆகும், எதைப் பார்த்து வாங்கலாம், எதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதெல்லாம் கீழே.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் தரையை. அதுவும் வண்டி பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே. ஃபோர்க்லிஃப்ட் எங்கிருந்து எங்கே போய்வரப்போகிறதோ அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். கொட்டகை வாசலில் படி இருக்கிறதா, லாரி நிற்கும் இடம் சரிவா, வடிகால் மூடி எடையைத் தாங்குமா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2.5 டன் தூக்கும் சாதாரணக் கிடங்கு வண்டி, வெறுமனே நிற்கும்போதே மூன்றரை முதல் நான்கு டன் எடை இருக்கும். முழுச் சுமையோடு ஆறு டன்னுக்கு வந்துவிடும். அதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு முன்சக்கரங்கள் மேல்தான் இறங்கும். ஈர மண்ணில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுமையை இறக்கிவிட்டால் நிலைமை நேர்மாறு. சுமைக்கு எதிர் எடையாகப் பின்னால் இருக்கும் கவுன்டர்வெயிட்டின் பாரம் பின்சக்கரங்களுக்குப் போய்விடும். ஆனால் வண்டியை இழுப்பது முன்சக்கரம். பின்சக்கரம் திருப்புவதற்கு மட்டும்தான். அதனால் சுமை இல்லாத வண்டி லேசான சேற்றிலேயே முன்சக்கரம் சுழலச் சுழல நின்ற இடத்தில் நிற்கும். காலி வண்டிதானே, போய்விடும் என்று இறக்கினால் கடைசியில் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

பாதை முழுக்க கான்கிரீட் அல்லது நன்றாக இறுகிய ஜல்லி என்றால் சாதாரண ஃபோர்க்லிஃப்டே போதும். வழியில் பத்தடி மண் இருந்தாலும், முதலில் அந்தப் பத்தடிக்குத் தளம் போட என்ன செலவாகும் என்று கணக்குப் பாருங்கள். பல நேரங்களில் பெரிய வண்டி வாங்குவதைவிட அது மலிவு.

டயரில் எத்தனை வகை? எது பண்ணைக்கு ஏற்றது?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வகை குஷன் டயர்: சிறிய இரும்பு வளையத்தின் மேல் ரப்பரை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். வண்டியே தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். இது வழவழப்பான உள்தரைக்கு மட்டும். பண்ணைக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

அடுத்தது காற்றடிக்கும் டயர். ஜல்லிக்கும் மேடு பள்ளத்துக்கும் இதுதான் சரி. முள்ளும் ஆணியும்தான் எதிரி. காற்றை வாராவாரம் பாருங்கள். ஒரு பக்க டயரில் காற்று குறைந்தால் கீழே இருக்கும்போது தெரியாது, மாஸ்டை (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்பக்கக் கம்பம்) மூன்று மீட்டருக்கு உயர்த்தியதும் சுமை அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது தெரியும்.

மூன்றாவது, அதே அளவில் காற்றில்லாமல் முழுக்க ரப்பராக வரும் சாலிட் டயர். பஞ்சர் தொல்லை இல்லை, ஆனால் குலுக்கல் முழுவதும் ஓட்டுபவரின் முதுகுக்கும் ஸ்டீயரிங் ஆக்சிலுக்கும் போகும். ஆணியும் தகடும் சிதறிக் கிடக்கும் முற்றம் என்றால் இதை எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. காற்றடிக்கும் ஃபோர்க்லிஃப்ட் டயர்களின் ரிம் பெரும்பாலும் இரண்டு துண்டாக, போல்ட் போட்டு இணைத்திருக்கும். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டில் கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் ரிம்மைப் பிளந்து தெறிக்கவிட்டு ஆளைக் கொல்லும். சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் நட்டு எது, ரிம்மைச் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட் எது என்று தெரியாதவர் அதைத் தொடவே வேண்டாம்.

ஃபோர்க்லிஃப்டே வேண்டுமா? டிராக்டரில் ஃபோர்க் மாட்டினால் போதாதா?

நல்ல கேள்வி. பலருக்கு உண்மையிலேயே போதும். டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் பாலட் ஃபோர்க் (பாலட் என்பது சரக்கை அடுக்கும் பலகைத் தட்டு), சுமையைத் தரையிலிருந்து சற்றே தூக்கி வயலோரத்திலிருந்து கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடும். முன் லோடரில் மாட்டும் ஃபோர்க் லாரியில் ஏற்றவும் செய்யும். ஒரு நாளைக்கு நாலைந்து பாலட் மட்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் லோடரில் ஃபோர்க்கின் நுனி எங்கே இருக்கிறது என்று ஓட்டுபவருக்குச் சரியாகத் தெரியாது. கை உயரும்போது வளைவாக உயரும், ஃபோர்க் மட்டமாக நிற்காமல் சாயும். ஒன்றன் மேல் ஒன்றாகப் பெட்டிகளை அடுக்குவது, குறுகிய கொட்டகைக்குள் திரும்புவது, லாரியின் ஓரம் இடிக்காமல் வைப்பது இதெல்லாம் ஃபோர்க்லிஃப்டின் வேலை. பின்சக்கரத்தில் திரும்புவதால் அது நின்ற இடத்திலேயே சுழலும். ஆனால் அதே காரணத்தால் திரும்பும்போது பின்பகுதி வெளிப்பக்கம் வீசும். பக்கத்தில் நிற்பவர்கள் அடிபடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

மண்ணிலும் ஓட வேண்டும், உயரமாகவும் அடுக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, பெரிய டயரோடு வரும் கரடுமுரடு நிலத்துக்கான ஃபோர்க்லிஃப்ட். மனிட்டூ போன்ற பிராண்டுகள் இதற்குப் பெயர் போனவை. இரண்டு, கையை நீட்டித் தூக்கும் டெலிஹேண்ட்லர். டெலிஹேண்ட்லர் லாரியின் ஒரே பக்கத்தில் நின்று மறுபக்கம் வரைக்கும் எட்டும். ஆனால் கை நீள நீளத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும், கையை நீட்டவும் உயர்த்தவும் இருக்கும் சிலிண்டரும் இணைப்பு முளைகளும் தேய்ந்துவிட்டால் ரிப்பேர் செலவு ஃபோர்க்லிஃப்டைவிட அதிகம். பழைய டெலிஹேண்ட்லரில் கை இணையும் இடங்களில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2.5 டன் என்று போட்டிருந்தால் 2.5 டன் தூக்குமா?

ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும். இந்த அளவு வண்டிகளில் அந்த எண், சுமையின் மையம் ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து 500 மி.மீ. தள்ளி இருக்கும்போது மட்டும் பொருந்தும். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள, எடை சீராகப் பரவிய சுமை. வண்டி ஒரு சீசா பலகை. முன்சக்கரம்தான் அதன் நடுத்தாங்கி. சுமை முன்னால் போகப் போகப் பின்பக்கம் தூக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். முன் ஆக்சிலிலிருந்து ஃபோர்க்கின் முகம் வரை 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதோடு 500-ஐச் சேர்த்தால் 950. 2,500 கிலோவை 950-ஆல் பெருக்கினால் 23,75,000. இப்போது நீங்கள் தூக்குவது 1.2 மீட்டர் நீளப் பழப்பெட்டி. மையம் 600 மி.மீ. தள்ளி இருக்கிறது, மொத்தம் 1,050. 23,75,000-ஐ 1,050-ஆல் வகுத்தால் சுமார் 2,260 கிலோதான் வரும். மையம் 10 செ.மீ. தள்ளியதற்கே கால் டன் போய்விட்டது. உயரம் கூடினால், சைட் ஷிஃப்ட் (ஃபோர்க்கை இடவலமாக நகர்த்துவது) போன்ற இணைப்பு மாட்டினால், இன்னும் குறையும்.

இது தோராயக் கணக்கு மட்டும். சரியான எண் வண்டியில் இருக்கும் தகட்டில் எழுதியிருக்கும்: எந்த உயரத்தில், எந்த மையத் தூரத்தில், எத்தனை கிலோ. தகடு இல்லாத, அல்லது எழுத்து தேய்ந்த வண்டியைப் பார்த்தால் சீரியல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் புதுத் தகடு கிடைக்குமா என்று விற்பவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு இணைப்பு ஏதாவது மாட்டினால் அதற்கேற்ற புதுத் தகடும் வேண்டும்.

பொதுவாக, உங்கள் ஆகக் கனமான சுமைக்கு மேல் ஓரளவு கூடுதல் திறன் வைத்து வாங்குங்கள். ஆனால் ஒரேயடியாக ஐந்து டன்னுக்குப் போகாதீர்கள். வண்டி எடை கூடினால் தரைப் பிரச்சினையும் கூடவே வரும்.

மாஸ்ட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

எவ்வளவு உயரம் தூக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு, இறக்கிய நிலையில் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கேட்க மறப்பவர்கள் நிறைய. மூன்று மீட்டர் தூக்கும் இரண்டு அடுக்கு மாஸ்ட், மடங்கி நிற்கும்போது இரண்டு மீட்டர், கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உங்கள் வாசலை அளந்துகொள்ளுங்கள். மூன்று அடுக்கு மாஸ்ட் குறைந்த உயரத்துக்கு மடங்கி நிறையத் தூக்கும். ஆனால் செயினும் ரோலரும் குழாயும் அதிகம், ஓட்டுபவரின் பார்வையையும் மறைக்கும்.

கொட்டகைக் கூரை தாழ்வாக இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: மாஸ்ட் உயராமலே ஃபோர்க் மட்டும் எவ்வளவு தூரம் மேலே போகும்? மூன்று அடுக்கில் பொதுவாக இது நிறைய இருக்கும், சாதாரண இரண்டடுக்கு மாஸ்டில் சொற்பம். தாழ்வான கூரைக்குக் கீழே ஒரு பெட்டி மேல் இன்னொன்றை வைக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

டீசல், எல்பிஜி, பேட்டரி: எதை எடுப்பது?

வெளி வேலைக்கு டீசல். டிராக்டருக்கு வாங்கி வைத்திருக்கும் எரிபொருளையே ஊற்றலாம், டிராக்டர் பார்க்கும் மெக்கானிக்கே இதையும் பார்ப்பார்.

எல்பிஜி வண்டியில் புகை குறைவு, ஓசையும் குறைவு. ஆனால் கார்பன் மோனாக்சைடு இதிலும் வரும்; மூடிய கொட்டகைக்குள் எல்பிஜி பாதுகாப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். குழி, சாக்கடை பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வாங்கும்போது இன்ஜின் சூடான பிறகும் திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரில் பனி படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அதற்குச் சுடுநீர் சரியாகப் போகவில்லை.

பழம் சேமிக்கும் குளிர் அறை இருந்தால் கதை வேறு. இன்ஜின் புகையில் எத்திலீன் இருக்கிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். கிவி போன்ற பழங்களுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே கெடுதல், சீக்கிரமே மென்மையாகிவிடும். அங்கே பேட்டரி வண்டியைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பேட்டரி வண்டியில் சிக்கல் பேட்டரிதான். லெட் ஆசிட் பேட்டரி என்றால், 48 வோல்ட்டுக்கு 2 வோல்ட் செல்கள் 24 இருக்கும். முழுக்கச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) விட்டுப் பாருங்கள், 1.28-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு செல் மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரி வழியில் விட்டுவிடும். அப்புறம் ஒரு மணி நேரமாவது சுமையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். விற்பவர் சார்ஜரையும் சேர்த்துத் தருகிறாரா, அந்தச் சார்ஜருக்கு உங்கள் மின்சார இணைப்பு போதுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ணைக்கு இதில் இன்னொரு இடைஞ்சல் உண்டு. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் நிற்கும் லெட் ஆசிட் பேட்டரி சல்ஃபேட் படிந்து செத்துப்போகும். வேலையில்லாத மாதங்களிலும் அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் சார்ஜும் கொடுத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வெளிவரும், வைக்கோல் போர் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியின் எடையும் வண்டியின் சமநிலையில் ஒரு பங்கு. தகட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச எடைக்குக் கீழே லேசான பேட்டரியை மாற்றி வைக்கக் கூடாது.

ஹவர் மீட்டரை நம்பலாமா?

ஓரளவுக்கு. ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடும் கிடங்கு வண்டி வருஷத்துக்கு 2,000 மணி நேரம் வரை ஓடும். ஆகவே பத்து வருஷ வண்டியில் 4,000 என்று காட்டினால் அது எங்கே சும்மா நின்றது என்று கேளுங்கள். மீட்டர் பழுதாகி மாற்றியிருக்கலாம், அதில் மோசடி இருக்கும் என்றில்லை. பெடல் ரப்பர், லிவர் கைப்பிடி, ஸ்டீயரிங் குமிழ், ஏறும்போது கால் வைக்கும் படி இவை பொய் சொல்லாது.

என்னைக் கேட்டால் மணி நேரத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பண்ணையில் வருஷத்துக்கு 200, 300 மணி நேரம் ஓடினாலே பெரிது. 10,000 மணி நேரம் ஓடி, எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் குறிப்போடு வரும் வண்டி, 5,000 மணி நேரத்தில் எந்தக் குறிப்பும் இல்லாத வண்டியைவிட நல்லது.

வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்டார்ட் ஆனதும் வரும் புகை கொஞ்ச நேரத்தில் தெளிய வேண்டும். நீலமாக நின்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் காற்று பலமாக அடிக்கக் கூடாது.

அடுத்து ஃபோர்க். தடிமன் அளக்கும் காலிப்பர் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். செங்குத்துப் பகுதி தேய்வதில்லை, அங்கே கிடைக்கும் தடிமன்தான் ஆரம்ப அளவு. கீழே வளைவை ஒட்டிய இடம் தரையில் உரசியே தேயும். மேலே 40 மி.மீ., கீழே 36 மி.மீ. என்றால் 10 சதவீதத் தேய்மானம். அந்த ஃபோர்க் முடிந்தது. தடிமன் 10 சதவீதம் குறைந்தாலே பலம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வளைவின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் வைத்த, ஓட்டை போட்ட ஃபோர்க்கை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மாஸ்ட் செயின் நீளுவது கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். லேசான சுமையைக் கொஞ்சம் தூக்கிச் செயினை இறுக்கமாக்கிக்கொண்டு அளவுநாடா வையுங்கள். முக்கால் அங்குல பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு முளைகளின் இடைத்தூரம்) செயினில் 16 பிட்ச் நீளம் புதிதில் சுமார் 305 மி.மீ. இருக்கும். 3 சதவீதம் நீண்டு 314 வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ரோலரில் அடிக்கடி ஏறி இறங்கும் பகுதியில்தான் தேய்மானம் அதிகம், அங்கேயே அளங்கள். கணு இறுகிப்போய் வளையாமல் நின்றாலும், செயினின் முளை திரும்பியிருந்தாலும் அதே தீர்ப்பு.

ஃபோர்க்கை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் சகஜம். தடதடவென்று ஆடினால், மாஸ்டின் உள்பக்கத்தில் இரும்பு பளபளவென்று சுரண்டப்பட்டிருந்தால், ரோலர் போய்விட்டது. சிலிண்டர் தண்டில் பொட்டுப் பொட்டாகத் துரு இருந்தால் சீல் எத்தனை முறை மாற்றினாலும் கிழிந்துகொண்டே இருக்கும், தண்டையே மாற்றியாக வேண்டும்.

சுமை இல்லாமல் சோதித்து எந்தப் பயனும் இல்லை. தகட்டு எடையை ஒட்டிய சுமையைத் தூக்கச் சொல்லுங்கள். முனகாமல், நடுங்காமல் ஏற வேண்டும். பாதியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஃபோர்க் இருக்கும் உயரத்தில் சாக்பீஸ் குறி போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். 100 மி.மீ.-க்கு மேல் இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. மாஸ்ட் தானாக முன்பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள், அதுதான் இன்னும் ஆபத்து. இந்தச் சோதனையின்போது ஃபோர்க்குக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

கியர் பாக்ஸ் பழுதானால் செலவு இன்ஜினுக்கு இணையாக வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். லிவரைப் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது என்றால் நல்லதல்ல. சூடேறிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள், பல கோளாறுகள் சூட்டில்தான் தலை காட்டும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் தீய்ந்த வாடை வரக் கூடாது. சுமையோடு ஒரு சரிவில் ஏற்றிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, சுமை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். சரிவின் நடுவில் திருப்பவே கூடாது.

கடைசியாகப் பின் ஆக்சில். பின்பகுதியை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிங் பின் (சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) தேய்ந்த வண்டி கான்கிரீட்டில் சமாளிக்கும், உங்கள் முற்றத்தின் மேடு பள்ளத்தில் தாங்காது.

எந்த பிராண்ட் நல்லது?

உங்களுக்குப் பக்கத்தில் எதற்குப் பாகம் கிடைக்கிறதோ அது. டொயோட்டா, ஹைஸ்டர், யேல், லிண்டே, கோமாட்சு, மிட்சுபிஷி எல்லாமே நன்றாகப் பராமரித்தால் நீண்ட காலம் ஓடுபவை. சில தொடர்புகளைத் தெரிந்துவைத்தால் பாகம் தேடுவது சுலபம். ஹைஸ்டரும் யேலும் ஒரே நிறுவனத்தின் இரண்டு பெயர்கள். நிசான், டிசிஎம் ஃபோர்க்லிஃப்டுகள் முதலில் யூனிகேரியர்ஸ் என்று ஒன்றாகி, 2017-ல் மிட்சுபிஷி லாஜிஸ்நெக்ஸ்டுக்குள் வந்துவிட்டன. இன்ஜினும் பல பிராண்டுகளுக்குப் பொது: இசுசுவின் சி240 டீசலைப் போன்றவை வேறு வேறு பெயர் போட்ட வண்டிகளிலும் வரும். ஆகவே இன்ஜின் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். பணம் கொடுக்கும் முன்பே ஹைட்ராலிக் சீல் கிட், பிரேக் லைனிங், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் பாகக் கடையில் விலை கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. "ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும்" என்றால் அறுவடை நடுவில் அது என்ன பாடுபடுத்தும் என்று யோசியுங்கள்.

லிண்டே டீசல், எல்பிஜி வண்டிகள் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் சுழலும். முன்னுக்கு ஒரு பெடல், பின்னுக்கு ஒரு பெடல். ஓட்டச் சுகம். ஆனால் பழுது பார்க்க அது தெரிந்த ஆள்தான் வர வேண்டும்.

முன்பு எங்கே வேலை செய்த வண்டி நல்லது?

உலர்ந்த பொருள்களை அடுக்கும் கிடங்கில் ஓடியது முதல் தரம். மீன், உப்பு, உரம் கையாளும் இடங்களிலிருந்து வந்தவற்றை நான் தொடமாட்டேன். பெயின்ட் அடித்துப் புதிது போல நிறுத்தியிருப்பார்கள், ஒயரிங்கும் பிரேக் குழாயும் உள்ளுக்குள் அரித்திருக்கும். செங்கல் சூளை, வார்ப்பாலை வண்டிகளில் தூசி எல்லா மூட்டுக்குள்ளும் புகுந்திருக்கும். புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள், அழுக்கு வண்டியில் கசிவு எங்கே என்று அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

கொட்டகை தாழ்வாக இருக்கிறது. மேல் கூண்டை அறுத்துவிடலாமா?

கூடாது. மேலிருந்து பெட்டி விழுந்தால் ஓட்டுபவரின் தலைக்கும் அதற்கும் நடுவில் இருப்பது அந்தக் கூண்டு மட்டும்தான். முந்தைய உரிமையாளர் அறுத்து ஒட்டவைத்த வண்டியையும் வாங்காதீர்கள். சீட் பெல்ட் வேலை செய்ய வேண்டும். வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர் மேல்தான் அந்தக் கூண்டு விழும். உள்ளேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும்.

ஜம்போ பை தூக்க முடியுமா?

முடியும். வளையங்களோடு வரும் பெரிய துணிச் சாக்குதான் ஜம்போ பை. ஆனால் ஃபோர்க்கில் நேரடியாகப் பையின் வளையங்களை மாட்டினால் ஃபோர்க்கின் கூர் விளிம்பு துணியை அறுக்கும், பையும் ஊஞ்சலாடும். தொங்கும் சுமை வண்டி பிரேக் போட்டதும் முன்னால் வீசும். மையத் தூரக் கணக்கு அப்போது செல்லாது. பைக்கென்றே இருக்கும் கொக்கி இணைப்பை மாட்டி, அதற்குரிய எடைத் தகட்டையும் வைத்து, தரையை ஒட்டித் தாழ்வாகக் கொண்டுபோங்கள்.

இணைப்புகளில் எது அவசியம்?

சைட் ஷிஃப்ட். அது இருக்கும் வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தும் வாங்கலாம், லாரியில் ஏற்றும்போது பாதி நேரம் மிச்சம். பெட்டியைக் கவிழ்க்கும் ரோட்டேட்டர், பழம் காய்கறி கொட்டும் பண்ணைகளுக்கு உதவும்; அதற்குக் கூடுதல் ஹைட்ராலிக் லைன் மாஸ்டில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு போடுவது செலவு. இணைப்போ வேறு ஃபோர்க்கோ வாங்கும் முன் ஃபோர்க் மாட்டியிருக்கும் முன்தட்டின் உயரத்தை அளங்கள்: 407 மி.மீ. என்றால் இரண்டாம் வகுப்பு, 508 என்றால் மூன்றாம் வகுப்பு. ஒன்றின் ஃபோர்க் மற்றொன்றில் உட்காராது.

ஓட்ட உரிமம் வேண்டுமா? சாலையில் ஓட்டலாமா?

ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பண்ணைக்குள் மட்டும் என்றாலும் பயிற்சி பெற்றவரைத்தான் ஏற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும். இரண்டு துண்டு நிலத்துக்கு நடுவே சாலை போனால், வாங்கும் முன்பே பதிவு விதியை விசாரித்துவிடுங்கள்.

என்னென்ன காகிதம் கேட்க வேண்டும்?

விற்பனை ரசீது, கடன் பாக்கி இல்லை என்பதற்கான கடிதம், கடைசிப் பாதுகாப்புச் சோதனை அறிக்கை, பராமரிப்புக் குறிப்பு, கையேடு. தகட்டில் இருக்கும் சீரியல் எண்ணும் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று நேரில் பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டு தயாரித்த வருஷத்தையும் கண்டுபிடிக்கலாம்.

பேரம் பேசும்போது எதைப் பிடித்துக்கொள்வது?

டயர், செயின், ஃபோர்க், பேட்டரி. நான்குக்கும் பாகக் கடை விலை எழுதிய துண்டுச் சீட்டு கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். கியர் பாக்ஸோ மாஸ்ட் ரோலரோ போயிருந்தால் பேரமே வேண்டாம், அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

தாழ்வான டிரெய்லரில். வண்டியின் எடை தகட்டில் இருக்கும், டிரெய்லரும் சாய்தளமும் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். சாய்தளத்தில் காலியாக ஏற்றும்போது ஃபோர்க் பள்ளத்தைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது பின்பக்கமாக ஏற்ற வேண்டும். மாஸ்டை இறக்கி, பின்னால் சாய்த்து, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துச் சங்கிலியால் சட்டத்தில் கட்டுங்கள். மாஸ்டிலோ மேல் கூண்டிலோ கட்டாதீர்கள்.

வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும் இன்ஜின் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், கியர் எண்ணெய், எல்லா ஃபில்டர் என மொத்தமாக மாற்றிவிடுங்கள். கிரீஸ் நிப்பிள் எத்தனை இருக்கின்றன என்று கையேட்டைப் பார்த்து எண்ணி, ஒவ்வொன்றிலும் அடியுங்கள். பின் ஆக்சிலில் இருப்பவை அழுக்குக்குள் மறைந்திருக்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பண்ணைக்கே உரிய ஒரு வேலை ரேடியேட்டர். வண்டியின் பின்பக்கம், கவுன்டர்வெயிட்டுக்கு முன்னால் அது ஒளிந்திருக்கும். வைக்கோல் துணுக்கும் உமியும் அங்கே போய் அடைந்தால் இன்ஜின் சூடேறும், சைலன்சர் பக்கம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அறுவடைக் காலத்தில் தினமும் மாலையில் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், காற்று ஃபில்டரையும் சேர்த்து. வேலையில்லாத மாதங்களில் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி வைத்து, சிலிண்டர் தண்டுகளில் வெளியே தெரியும் இடங்களில் கிரீஸ் தடவி, மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து மாஸ்டை முழு உயரத்துக்கு ஏற்றி இறக்கிவிட்டால் போதும்.